பூலோகம் தேர்ந்தெடுத்த ஜெனரேட்டர்

மும்பையில் ரோடு போடுவதென்றால் முதலில் இருக்கிற ரோட்டை இல்லாமல் ஆக்குவார்கள். செம்பூரில் விஜயராணி குடியிருந்த தெருவையும் மழை விட்ட கையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தோண்டிப் போட்டார்கள். சிமெண்டு ரோடு வரப்போகிறது, பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் அசையாது என்று பேனர் கட்டினார்கள். பேனர் வந்தது, ரோடு வந்தபாடில்லை. தோண்டுகிற மெஷின்காரன் மட்டும் கடமை தவறாமல் கரண்டுக் கேபிளை அறுத்துக்கொண்டிருந்தான். காலையில் அறுத்தால் பொழுது சாய்ந்துதான் ஒட்டுவார்கள். போய்க் கேட்டால், "ஹோ ஜாயேகா, ஆண்ட்டி", ஆகிவிடும் என்பான். அவனுக்கென்ன, அவன் வீட்டிலா கரண்டு போகிறது?

கரண்டு போனால் தெருவில் மற்றவர்களுக்கு ஃபேன் நிற்கும், டிவி நிற்கும். விஜயராணிக்குத் தண்ணீரே நின்றுவிடும். முனிசிபாலிட்டிக் குழாயில் விடிகாலையில் வருவது குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் காணும். மற்ற எல்லாவற்றுக்கும் பின்பக்கத்துக் கிணறுதான். வரிசையில் கடைசி வீடு என்பதால் அந்தப் பழைய கிணறு இவர்கள் பங்கில் விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு பம்பு, மேலே ஒரு பிளாஸ்டிக் டாங்க். எல்லாம் அவள் புருசன் பூலோகம் தன் கையால் மாட்டியது. பம்பு மாட்டிய அன்றைக்கே கிணற்று உருளையையும் அது தொங்கிய கம்பியையும் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்து, "இனிமே நீ கயித்தத் தொடப்பிடாது" என்று சொன்னவர் அவர்.

அந்தப் பூலோகம் இப்போது கட்டிலில் கிடந்தார். மழைக்கு முன்னால் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது இடது கையும் இடது காலும் அவருடையதாக இல்லை. பேச்சு வந்தது, ஆனால் வாய்க்குள் கூழை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது. எல்லாம் படுக்கையில்தான். இடுப்புக்குக் கீழே புண் வேறு வந்திருந்தது. அதை எப்போதும் சுத்தமாக வைக்க வேண்டும், ஈரமும் அழுக்கும் நின்றால் புண் உள்ளே இறங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கழுவி, துடைத்து, துணி மாற்றி, அழுக்கானதை அலசிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் டாங்க் காலியாகியிருக்கும். விஜயராணிக்கோ வலது தோள் இரண்டு வருசமாக இறுகிக் கிடந்தது. தலை சீவிக்கொள்வதற்கே அவள் தலையைக் கைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஒரு தடவை கரண்டு போய் நாள் முழுக்க வரவே இல்லை. அன்றைக்கென்று பார்த்து மகள் கோமதி தாணேயிலிருந்து வந்துவிட்டாள். அப்பாவைப் புரட்டிப் பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை நின்றதும் அடுக்களைக்குள் வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வர்றாரு. நான் விசாரிச்சுட்டேன். அப்பாவ அங்க விட்டுரலாம். நீ எங்கூட வந்துரு."

"அவுக இங்கயிருந்து எங்கயும் வரமாட்டாக. நானும் அனுப்பமாட்டேன்."

"பின்ன இப்டியே கெடக்கட்டுமா? புண்ணப் பாத்தியா? அரே, தண்ணியே இல்லாம எப்டிம்மா நீ பாத்துக்குவ? இன்னொரு தடவை இப்டிப் பாத்தேன்னா நான் யாரையும் கேக்கமாட்டேன். தூக்கிட்டுப் போயிருவேன்."

மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது விஜயராணிக்குத் தெரியும். தப்பாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். அந்த மனுசனைக் கொண்டுபோய்த் தெரியாத ஆட்கள் நடுவில் போட்டுவிட்டுத் தான் மட்டும் மகள் வீட்டில் சோறு தின்பதை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

மறுநாள் சலாவுதீனுக்குப் போன் போட்டாள். தாராவியில் ஜெனரேட்டர் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவன். சேட்டு கடை. கடையநல்லூர்க்காரன், பூலோகத்தோடு பல வருசப் பழக்கம். பூலோகம் என்றால் தாராவியில் தெரியாத ஆள் கிடையாது. கோயில் கொடை, கணபதிப் பந்தல், கல்யாணம் எதுவானாலும் லைட்டும் ஜெனரேட்டரும் அவர் பொறுப்புதான்.

"ஒரு எச்.பி. மோட்டார்தானே மதினி? மூணு கேவி மெஷின் போட்டா கண்ண மூடிட்டு ஓடும். நாளைக்கே டெம்போவுல ஏத்திட்டு வாறேன்" என்றான் சலாவுதீன்.

அத்தோடு "சரி" என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். விஜயராணி, "எதுக்கும் அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம், தம்பி" என்றாள்.

அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்த வீட்டில் ஒயர் உள்ள எந்தச் சாமானையும் அவள் தானாக வாங்கியது கிடையாது. ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலும் அவர் சாயங்காலம் வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு அவர் கட்டிலில் கிடக்கிறபோதே ஜெனரேட்டரைப் போய் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினால், அதற்கு என்ன அர்த்தம்? அவர் கணக்கு முடிந்துபோயிற்று என்று அவள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகாதா? ஜெனரேட்டர் காசுக்காக வளையலை விற்றதைக்கூட அவரிடம் மறைத்தாள். இதை மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

டெம்போவில் இரண்டு மெஷின் வந்தது. பெரியது இவர்களுக்கு. சின்னது, மெயின்ரோட்டு நாக்கா பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் இறக்க வேண்டியது. சலாவுதீன் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, கிணத்து மோட்டாருக்கு ஜெனரேட்டர் பாக்காக மதினி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எறக்கிருவேன்."

பூலோகம் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை விஜயராணி சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்தவர் தலையைத் திருப்பினார்.

"கண்ணாடிய எடு. என்னைய நிமித்தி உக்கார வை."

இரண்டு பேருமாகச் சேர்த்து உட்கார வைத்தார்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். ஜன்னல் வழியாக டெம்போவை எட்டிப் பார்த்தார். பெரியதைப் பார்த்தார், சின்னதைப் பார்த்தார். வலது கையை மடக்கி விரல்விட்டு எண்ணினார்.

"ஒரு எச்.பி.க்கு எழுநூத்தம்பது வாட்டு. அந்தா நிக்குல்லா சின்னது, அது ஆயிரம் வாட்டு. எரநூத்தம்பது மிச்சம். ஒரு ஃபேனுங்கூட ஓடும். பெருசு எதுக்கு? பெட்ரோலக் குடிச்சே ஆளக் காலி பண்ணிரும்."

சலாவுதீன் விஜயராணியைப் பார்த்தான். விஜயராணி தரையைப் பார்த்தாள். ஏனென்றால் அவளுக்கும் தெரியும். கோயில் கமிட்டிக்காரர்கள் சின்ன மெஷினாகப் போட்டுச் செலவைக் குறை என்று வந்து நிற்கும்போதெல்லாம் இதே வாசலில் வைத்து இதே மனுசன் அவர்களை வறுத்தெடுத்திருக்கிறார். ஓடுற மோட்டாருக்குக் கொஞ்சம் போதும்யா, நிக்கிற மோட்டாரை எழுப்பத்தான் மூணு பங்கு வேணும் என்று அடுக்களை வரைக்கும் கேட்கிற குரலில் கத்தியிருக்கிறார். அடுப்படியில் நின்று கேட்டே அவளுக்கு மனப்பாடம். அவருக்குத்தான் அது போய்விட்டது.

"அண்ணாச்சி, ஸ்டார்ட்டிங்ல அது நெறைய இழுக்குமே" என்று ஆரம்பித்தான் சலாவுதீன்.

"என்னல இழுக்கும்? தாராவில எத்தனை கொடைக்கு நான் லைட்டு போட்டிருக்கேன். நீ அப்பம் டவுசரோட திரிஞ்ச பய. எனக்குச் சொல்லித் தாறியா?" குரல் உடைந்தது. ஒரு பக்கத்து வாயிலிருந்து எச்சில் வழிந்தது. "நாக்குதாம்ல செத்துருக்கு. மூளை சாகல."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். பந்தல் பந்தலாக ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனுசன், சின்னப் பிள்ளை மாதிரி தோள் குலுங்க அழுதார். விஜயராணி கட்டிலருகே குனிந்தாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அவுக சொன்னதே சரி, தம்பி. சின்னதையே எறக்குங்க" என்றாள்.

வாசலில் வைத்து சலாவுதீன் கெஞ்சினான். "மதினி, இது தூக்காது. சத்தியமா தூக்காது. உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பின்ன என்ன மதினி?"

"அவுக உக்காந்து பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? இன்னைக்குத்தான் பேசுதாக. இப்பம் போயி நீங்க சொல்லது தப்புன்னு எந்த வாயால நான் சொல்லுவேன்?"

சலாவுதீன் தலையைச் சொறிந்தான். "சரி, ஒண்ணு செய்ங்க. பெட்ரோல் மட்டும் ஊத்திராதிக. ஊத்திட்டா சேட்டு திரும்ப எடுக்கமாட்டான். ராத்திரி மெதுவா எடுத்துச் சொல்லுங்க. காலம்பற ஒரு போன் போடுங்க, நான் வந்து மாத்தித் தாறேன்."

நல்ல யோசனைதான். ஆனால் பூலோகம் சும்மா இருந்தால்தானே? அன்றைக்குச் சாயங்காலமே ஆளனுப்பிப் பெட்ரோலும் ஆயிலும் வாங்கச் சொன்னார். மெஷினை எங்கே வைக்க வேண்டும், புகை உள்ளே வராமல் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எல்லாம் கட்டிலில் இருந்தபடியே சொன்னார். வெளியே கொண்டுபோகும் முன்பே தன் கண் முன்னால் பெட்ரோலை ஊற்றச் சொன்னார். விஜயராணி பெட்ரோல் கேனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "என்னளா பாக்க? ஊத்து" என்றார். ஊற்றினாள். மெஷினைப் பின்பக்கத்தில் வைத்ததும், காலை ஊன்றிக்கொண்டு இடது கையால் அதன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாள். மெஷின் படபடவென்று பிடித்துக்கொண்டது. பூலோகம் கண்ணை மூடிக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டார். பம்பைப் பிளக்கில் மாட்டிப் பார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் ஒரு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒருவேளை ஓடினாலும் ஓடிவிடும் என்றுதான் விஜயராணி நினைத்தாள். இத்தனை காலமும் அவர் சொல்லி ஓடாத மெஷின் எது? அதிலும் தன் கையால் மாட்டிய பம்பு. அவர் பேச்சைக் கேட்காமலா போகும்? பம்பு யார் பேச்சையும் கேட்பதில்லை என்பது ரோட்டுக்காரன் அடுத்த தடவை கேபிளை அறுத்தபோது தெரிந்தது. ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பம்பின் சுவிட்சைத் தட்டினாள். பம்பு ம்ம்ம் என்று முனகியது. ஜெனரேட்டர் மூச்சுத் திணறியது, சிவப்பு லைட் எரிந்தது. பம்பு சுற்றவே இல்லை. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே முனகல்.

"ஏளா, ஓடுதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். பாரம் போனதும் ஜெனரேட்டர் தெம்பாக இரைந்தது.

"ஓடுது!" என்றாள்.

ஜெனரேட்டரை அப்படியே ஓடவிட்டாள். துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை அவிழ்த்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் கட்டினாள். உருளை இல்லாத கிணறு. கைப்பிடிச் சுவர்மேல் வயிற்றைக் கொடுத்துச் சாய்ந்து, இடது கையால் இழுத்து, முழங்காலால் கயிற்றை அமுக்கிக்கொண்டு, மறுபடியும் இழுத்தாள். மேலே வந்து சேரும்போது வாளியில் பாதிதான் இருந்தது. பக்கத்து வீடுகளில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பூட்டுதான் தொங்கும். இருந்தாலும் அவள் கூப்பிட்டிருக்கமாட்டாள். தெருவில் ஒருத்திக்குத் தெரிந்தால் கோமதிக்குத் தெரிந்த மாதிரி.

அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் அவரைக் கழுவினாள். "டாங்கு நெறஞ்சிட்டா?" என்றார். "முக்காவாசி" என்றாள். "பாத்தியா, நான் சொன்னேம்லா?" என்றார்.

அதற்குப் பிறகு கரண்டு போகும்போதெல்லாம் இதுதான் நடந்தது. ஒன்றுக்கும் உதவாத மெஷின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும். அந்தச் சத்தத்துக்குள் விஜயராணி கயிறு இழுப்பாள். பெரிய மெஷின் வாங்கக் காசும் இல்லை. இருந்து வாங்கினாலும் எதற்கு என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். உள்ளங்கை தோலுரிந்தது. கேட்டால் தோசைக்கல் சுட்டுவிட்டது என்று சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த பயமெல்லாம் வேறு. பாரம் இழுக்கிற மெஷினின் சத்தம் வேறு, சும்மா ஓடுகிற மெஷினின் சத்தம் வேறு. அவள் காதுக்கே அது தெரிந்தது. பந்தலுக்கு நாலு தெரு தள்ளி நின்றுகொண்டு, எவன்டா அங்க லைன கழட்டுனது என்று கண்டுபிடித்த மனுசனுக்குத் தெரியாதா? முதல் இரண்டு தடவையும் அவர் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை. கணக்குப் போனதுபோல காதும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். பின்பக்கம் போய் ஜெனரேட்டரைப் பார்த்தாள். அப்பாவைப் புரட்டிப் புண்ணையும் பார்த்தாள். கொஞ்சம் ஆறியிருந்தது.

"வாவ், அப்பா நீங்களே செலக்ட் பண்ணீங்களா? பஸ், அவ்ளோதான், இனிமே டென்ஷன் இல்ல. அந்த ஹோம்காரங்ககிட்ட இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்."

விஜயராணி அடுக்களையில் நின்றபடி சாமிபடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பூலோகம் மட்டும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அசதி போல என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

அடுத்து கரண்டு போனது ஒரு நல்ல வெயில் நாளில். பூலோகத்துக்கு வயிறு சரியில்லை. காலையிலேயே இரண்டு தடவை துணி மாற்றியாகிவிட்டது. டாங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாவது தடவையும் படுக்கை நனைந்தபோது விஜயராணி ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டாள். கயிற்றை எடுத்தாள். ஒரு வாளி இழுத்தாள். இரண்டாவதை இழுக்கும்போது வலது தோளுக்குள் என்னவோ பிடித்து முறுக்கியது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இடது கை தானாக விட்டுவிட்டது. கயிறு சுவரில் உரசிக்கொண்டு சரசரவென்று இறங்கிப் போய், வாளியோடு உள்ளே விழுந்தது.

அவள் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. இன்னொரு வாளி இருந்தது. கயிற்றுக்கு எங்கே போக? கயிறு இருந்தாலும் இழுக்கக் கை எங்கே? உள்ளே ஒரு மனுசன் ஈரத்தில் கிடக்கிறார். பக்கத்திலே நிறையத் தண்ணீரோடு கிணறு இருக்கிறது. புதுசாக வாங்கிய மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஏளா விஜயராணி."

எழுந்து உள்ளே போனாள். இருந்த அந்த அரை வாளித் தண்ணீரில் முடிந்தவரை துடைத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலே, "டாங்குல ஏறிட்டிருக்கு, இப்பம் வந்துரும். வந்ததும் நல்லாக் கழுவி விடுதேன்" என்றாள். பூலோகம் அவள் தோளைப் பார்த்தார். அது ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது.

"போன எடு. கோமதிக்குப் போடு."

"இப்பம் எதுக்கு? அவ ஆபீஸ்ல இருப்பா."

"போடுன்னா போடு."

போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் வாய்ப்பக்கம் பிடித்தாள்.

"கோமதி, அந்த தாணே ஹோம்ல தண்ணி நல்லா வருமா?"

"இருபத்துநாலு மணி நேரமும் வரும்ப்பா. ஏன், என்ன ஆச்சு? ஜெனரேட்டர்ல எதும் பிராப்ளமா?"

"அது ஜம்முனு ஓடுது. சத்தம் ஒனக்குக் கேக்கலியா?" பூலோகம் வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "உங்கம்மா நல்ல மெஷினாத்தான் வாங்கிருக்கா. அதுல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் இங்க கெடந்து கெடந்து சலிச்சுப் போச்சு. நாளைக்கு வண்டி கொண்டாந்துரு."

அப்போதுதான் விஜயராணிக்குப் புரிந்தது. அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்பா, நெசமாவா சொல்றீங்க? அம்மா, நீ பக்கத்துலதான இருக்க? நீ என்ன சொல்ற?"

மெஷின் ஓடவில்லை என்று அவள் சொன்னால் கோமதி நாளைக்கு வண்டியோடு வந்து நிற்பாள். ஓடுகிறது என்று சொன்னாலும் வந்து நிற்பாள். பூலோகம் கண்ணை மூடிக்கொண்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தார். மூடிய இமை ஓரத்தில் கண்ணீர் வந்து காதுப்பக்கம் இறங்கியது. அதைத் துடைக்க அவள் கையைத் தூக்கப் பார்த்தாள், கை எழும்பவில்லை.

"காலம்பறயே வந்துரு" என்றாள். "வெயில் ஏறுனா அவுகளுக்குத் தாங்காது."